சிவப்புப் புழுவுக்கு வாங்கிய மருந்து

காலை 5.10 மணி. கரூர் பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டியில் ஏறியதும் கண்டக்டர் கேட்டார்: "என்னம்மா அது, வேலா?"

தை மாதம். பழனிக்குப் போகிறவர்கள் வண்டி முழுக்கப் பச்சை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் தோளில் இருந்தது நான்கு துண்டாகக் கழற்றி உறையில் போட்ட தூண்டில் கம்பு. மீன் பிடிக்கப் போகிறேன் என்றேன்.

"மீனா? இந்த மாசத்துலயா? அதுவும் நீங்களா?"

"மீனுக்கு மாசம் தெரியாதுங்க. டிக்கெட்டக் கொடுங்க."

பக்கத்து இருக்கை மாலைக்காரர் கால்களை மடக்கி, என் பை மேல் படாமல் தள்ளி உட்கார்ந்தார். பையில் மீன் இல்லை. மாவுச் சல்லடை, டீ வடிகட்டி, வெள்ளை எனாமல் தட்டு, கழுவிய ஊறுகாய் பாட்டில் ஐந்து, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் பொருத்திக்கொள்வாரே அந்த லென்ஸ் ஒன்று. இவ்வளவுதான். டிக்கெட் 65 ரூபாய், தூரம் எழுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

நான் கரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைத்து மிச்சமாகும் நேரத்தில் ஈ கட்டுகிறேன். சிரிக்க வேண்டாம். கொக்கியில் மண்புழு கோர்ப்பதற்குப் பதிலாக, நூலும் இறகும் சுற்றி அதைத் தண்ணீர்ப் பூச்சி மாதிரி ஆக்குவதற்குத்தான் ஈ கட்டுவது என்று பெயர். நீலகிரியில் ஒரு கடைக்கு எட்டு வருடமாகக் கட்டி அனுப்புகிறேன். மலை ஓடைகளில் மீன் பிடிக்கிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். கட்டுகிறவளுக்குப் பிடிக்கவும் தெரிய வேண்டும் என்று வீம்பாகக் கற்றுக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கடைக்காரர் அனுப்பும் படப் புத்தகத்தில் இருக்கும் பூச்சிகள் எல்லாம் பனி பெய்யும் ஊர்ப் பூச்சிகள். நம் ஊர்க் குளத்தில் கெண்டை எதைத் தின்கிறது, ஜிலேபி எதைத் தின்கிறது என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தர யாருக்கும் நேரமில்லை. அதனால் நானே குளம் குளமாகப் போய்ச் சல்லடை போடுகிறேன். இது ஏழாவது குளம். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் அண்ணன் பாண்டி, ஆத்தூர்ப் பக்கம் ஒரு குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். "போய்ப் புடிங்கக்கா, அண்ணன் ஒண்ணும் சொல்லாது" என்று அவள் சொல்லியிருந்தாள்.

காலை 7.05. திண்டுக்கல். பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. நடந்து வந்தவர்கள் கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு நடைமேடையில் நீட்டிப் படுத்திருந்தார்கள். நான்கு இட்லி, ஒரு காபி, 55 ரூபாய். இட்லி நன்றாக இருந்தது, காபி வெந்நீர். ஆத்தூர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சின்னாளபட்டித் தறிக்காரர் ஒருவர் என் கம்பு உறையைத் தடவிப் பார்த்து, துணி நல்ல துணி, தையல் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். அன்றைய பயணத்தில் என்னிடம் சரியான கேள்வி கேட்ட ஆண் அவர் ஒருவர்தான்.

செம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, தக்காளி, நடுநடுவே மல்லிகை. பழனி மலைத்தொடர் மேற்கே நீலமாக நின்றது. ஆத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 30 ரூபாய். டிரைவர் குளத்துக் கரை வரை கொண்டு வந்து விட்டார்.

காலை 8.50. கரையில் ஒரு பம்புசெட் அறை, அதை ஒட்டி சிமெண்ட் தொட்டி. தொட்டி மேல் தோளில் மாட்டும் மருந்து தெளிக்கும் டேங்க். பக்கத்தில் ஒரு லிட்டர் டப்பாக்கள் ஆறு. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பாண்டிங்களா?"

"ஆமாக்கா. தங்கச்சி போன் போட்டுச்சு. புடிக்கிறதுன்னா சீக்கிரம் புடிச்சுக்கங்க. இன்னொரு மணி நேரத்துல குளத்துக்கு மருந்து ஊத்தப் போறேன்."

"குளத்துக்கா? எதுக்குங்க?"

"புழு."

கார்த்திகை மழையில் குளம் நிறைந்ததும் பாண்டி கட்லா, ரோகு குஞ்சுகள் வாங்கி விட்டிருக்கிறார். கொத்தமல்லி விதை நீளக் குஞ்சுகள். ஒரு மாதம் கழித்து வலை போட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஓரத்துச் சேற்றை அள்ளிப் பார்த்தால் ரத்தச் சிவப்பில் புழு நெளிகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது தடவைக் குஞ்சு வருகிறது. அதற்குள் புழுவை ஒழித்துவிட வேண்டும். பாண்டி பதினெட்டு வருடம் தக்காளி போட்டவர். குளம் இதுதான் முதல் தடவை. தக்காளியில் புழு என்றால் மருந்து. குளத்தில் புழு என்றாலும் மருந்து.

"குஞ்சு ரத்தத்தக் குடிச்சு எப்பிடிச் செவந்து கெடக்கு பாருங்க" என்று ஒரு கை சேற்றை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

நான் டப்பாவைப் பிடுங்கினேன். விருந்தாளி செய்யும் காரியம் இல்லை, தெரியும். வாட்ச் லென்ஸைக் கண்ணில் வைத்து, ஒட்டியிருந்த தாளின் அடியில் எறும்பு வரிசை போல் இருந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தேன். மீனுக்கு விஷம். நீர்நிலையில் கலக்காதே.

"எல்லா டப்பாலயும் அப்பிடித்தான் போடுவான். கையுறை போட்டு அடின்னுங்கூடப் போட்டுருக்கான். எவன் போட்டான்? கடைக்காரரு சொன்னாரு, இம்புட்டுப் பெரிய தண்ணியில மீனு தப்பிச்சுக்கும், புழுதான் சாகும்னு."

"கடைக்காரரு இந்தக் குளத்துல தண்ணி குடிப்பாருங்களா? அந்தா நிக்குதே மாடு, அது குடிக்குதுங்க. மடையத் தொறந்தா மல்லித் தோட்டத்துக்குப் போகுதுங்க. அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?"

பாண்டி முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "வர்றவரு போறவரெல்லாம் திட்டுறாக. நீங்க ஒருத்தரு 'ங்க' போட்டுத் திட்டுறீக."

பம்புசெட் அறையிலிருந்து அவர் மனைவி சின்னத்தாய் வந்தார். கையில் சாணி. "நானும் மூணு நாளாச் சொல்றேன்க்கா. ஊத்திப்புட்டா எடுக்க முடியாது, செத்த பொறுங்கன்னு. கேட்டாத்தான?"

"புழு உங்க குஞ்சத் திங்கலீங்க. வேற ஒண்ணு திங்குது. மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க, காட்டறேன்" என்றேன்.

"காட்டலைன்னா?"

"நானே மூடியத் தொறந்து தாரேன்."

கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் நான் பார்க்காமல் சொல்லவில்லை. கரையில் இறங்கும்போதே கோரைத் தண்டுகளில் ஒட்டியிருந்த காய்ந்த தோல்களைப் பார்த்துவிட்டேன்.

காலை 9.20. முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாசியும் கோரையும் அடர்ந்த ஓரத்தில் மாவுச் சல்லடையை அடியோடு இழுத்தேன். வந்ததை எனாமல் தட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். தட்டு வெள்ளையாக இருக்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் ஒன்றும் தெரியாது. கொட்டியவுடன் குப்பை மட்டும்தான் இருப்பதாகத் தோன்றும். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். குப்பை நடக்க ஆரம்பிக்கும்.

முதலில் நகர்ந்தது கூனி, கண்ணாடி போன்ற குட்டி இறால். பிறகு நகத்தில் பாதி அளவில் ஒன்று, வால் மூன்று மயிராகப் பிரிந்து, விலா இரண்டு பக்கமும் ஏதோ படபடவென்று துடித்தது. அது மூச்சு விடும் செவுள்; இது ஒருநாள் பூச்சியின் குஞ்சு. அதே மாதிரி மூன்று வால், ஆனால் மயிராக இல்லாமல் இலை இலையாக இருந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மல்லாக்கப் படுத்துத் துடுப்புப் போட்டது ஒரு பூச்சி. அதைக் கையில் எடுக்காதீர்கள், குத்தும். அப்புறம் பாண்டியின் எதிரி, சிவப்புப் புழு. எட்டுப் போட்டு நெளிந்தது.

கடைசியாக, இலைச் சருகு என்று நான் தள்ளிவிட்ட ஒன்று ஆறு கால்களை நீட்டியது. அழுக்குப் பச்சை, கட்டை விரல் நகம் அளவு, தவளைக் கண். பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி அரை அங்குலம் பாய்ந்தது.

"இது யாருங்க, தெரியுதா?"

பாண்டி குனிந்தார். "என்ன கருமமோ."

"தட்டான் குஞ்சு. மேல சுத்துதே, அதோட பிள்ளை. தண்ணிக்குள்ளதான் வளருது; கோரையில ஒட்டியிருக்கற தோலெல்லாம் இது கழட்டிப் போட்டதுங்க. உங்க குஞ்சத் திங்கறது இதுதான்."

"தட்டானா?" அவர் நம்பவில்லை. "சின்னப் புள்ளையில வாலுல நூலு கட்டி விட்ட தட்டானா? அது கொசுவப் புடிக்கிற நல்ல பூச்சிக்கா. செவப்பா ரத்தங் குடிச்சுக் கெடக்குறவன விட்டுப்புட்டு அதுமேல பழி போடுறீக."

காலை 9.50. சிமெண்ட் தொட்டியில் முதல் தடவைக் குஞ்சுகளில் ஒதுக்கி வைத்தது கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டு ஊறுகாய் பாட்டில்களை மறுபடி சுத்தமாகக் கழுவினேன். ஒன்றில் இருபது சிவப்புப் புழு, மூன்று மீன்குஞ்சு. மற்றதில் ஒரே ஒரு தட்டான் குஞ்சு, மூன்று மீன்குஞ்சு. பம்புசெட் நிழலில் வைத்துவிட்டு, தூண்டில் கம்பைப் பொருத்தினேன்.

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். படப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே வந்தவள், முதலில் எடுத்துக் கட்டியது அதே புத்தகத்துப் பழுப்பு நிற மயிர் ஈயைத்தான். கை பழகிய பழக்கம். ஒரு மணி நேரம் வீசினேன். குளத்தில் அங்கங்கே வட்டம் எழுந்தது. மீன் மேலே வந்து எதையோ தின்றுகொண்டிருந்தது. என்னுடையதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பாண்டி கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி குடித்தார். "ஏக்கா, கம்புல சாட்டை அடிச்சா மீனு பயந்துக்கிட்டு வந்து ஏறிக்குமா?"

காலை 10.55. பாட்டில்களைப் பார்த்தோம். சிவப்புப் புழு பாட்டிலில் மூன்று குஞ்சும் உயிரோடு. தட்டான் பாட்டிலிலும் மூன்று குஞ்சும் உயிரோடு. தட்டான் குஞ்சு அடியில் கல் மாதிரி கிடந்தது. ஒரு மீன்குஞ்சு அதன் முதுகு மேலேயே நீந்திப் போனது.

"நல்லா வெளையாடுதுக. இதப் பாக்கத்தான் என்னய உக்கார வச்சீகளா?" பாண்டி எழுந்து டப்பாவைக் கையில் எடுத்தார். "வெயில் ஏறுதுக்கா. ஊத்திட்டு நான் தக்காளிக்குத் தண்ணி கட்டப் போகணும்."

"மத்தியானம்னு பேசினோமுங்க."

"மத்தியானம்னா பாட்டில்ல பசி வந்துருமா?"

நான் நினைத்தது தவறில்லை என்று தெரியும். காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த எரிச்சலில் பாட்டிலைத் தட்டிப் பார்த்தேன். தட்டான் குஞ்சு வழுக்கியது. கால்கள் கண்ணாடியைப் பிறாண்டி மறுபடி வழுக்கின.

சின்னத்தாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டிலத் தேச்சுத் தேச்சுக் கழுவிப்புட்டீக. அது எங்க உக்காரும்? ஒரு புடிமானம் வேணாமா அதுக்கு?" என்றார். கரையிலிருந்து ஒரு கோரைத் தண்டைக் கிள்ளி உள்ளே போட்டார்.

தையல்காரிக்குச் சுத்தம் ஒரு வியாதி. பதுங்கி இருந்து பிடிக்கிற பிராணிக்குப் பதுங்க இடமே இல்லாமல் செய்து வைத்திருக்கிறேன்.

தட்டான் குஞ்சு தண்டில் ஏறியது. பாதி உயரத்தில் நின்றது. தண்டோடு தண்டாக ஆனது. ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு மீன்குஞ்சு தண்டை ஒட்டி வந்தது. தட்டான் குஞ்சின் முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு கை, கை என்றுதான் சொல்ல வேண்டும், முன்னால் பாய்ந்து திரும்பியது. எங்கள் மூவருக்கும் பாய்ந்தது தெரியவில்லை. பிடிபட்டது மட்டும்தான் தெரிந்தது. மீன்குஞ்சின் வால் வெளியே துடித்தது. தலைப் பக்கம் மெல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஆத்தாடி!" என்று சின்னத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பாண்டி பாட்டிலைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வால் துடிப்பது நின்றது. அவர் டப்பாவைக் கீழே வைத்தார். ஆனால் மூடி இன்னும் திறந்துதான் இருந்தது.

"சரி. இவனும் களவாணின்னே வச்சுக்குவோம். அந்தச் செவப்பு? ரெண்டு பேரையும் சேத்துக் கொல்லுறதுல என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. இதற்கு வாயால் பதில் சொன்னால் வேலைக்கு ஆகாது.

காலை 11.40. காற்று குப்பையை ஒதுக்கிய கரைக்குப் போனேன். தண்ணீர் மேல் உமி போல ஏதோ மிதந்தது. லென்ஸில் பார்த்தேன். உமி இல்லை, பூச்சி கழற்றிப் போட்ட சட்டைகள். சிவப்புப் புழு சேற்றில் வளர்ந்து, மேலே மிதந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுக் கொசு மாதிரி பறந்துபோகும். கொசு மாதிரிதான், கடிக்காது, ஊசி மூக்கே கிடையாது. குளத்தில் காலையிலிருந்து எழுந்த வட்டங்கள் அதைத் தின்பதற்குத்தான்.

தையல் டப்பாவைத் திறந்தேன். மிகச் சின்னக் கொக்கி. அதில் நாட்டுப்புறக் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு வாங்கும் அரக்குச் சிவப்பு நூல். நெருக்கமாகச் சுற்றினேன். கழுத்தில் வெள்ளைக் கம்பளி ஒரு பொட்டு. புத்தகத்தில் இல்லாத ஈ. நான்கு நிமிட வேலை. சின்னத்தாய் எனாமல் தட்டில் ஒரு புழுவுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்து, "இவுக ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாட்டம் இருக்காக" என்றார்.

வீசி, அடி வரை இறங்கவிட்டு, நூல் கோர்க்கிற வேகத்தில் இழுத்தேன். மூன்றாவது வீச்சில் கம்பு வளைந்தது. கை அகல ஜிலேபி. 12.25 மணிக்குக் கரைக்கு வந்தது.

நான் பிடிக்கும் மீனை வழக்கமாக விட்டுவிடுவேன். இதை விடவில்லை. சின்னத்தாய் அரிவாள்மனையில் வயிற்றைக் கீறி, இரைப்பையை எனாமல் தட்டில் பிதுக்கினார். முதலில் பச்சைக் களி வந்தது. களிக்குள் சிவப்பு. ஒன்று, இரண்டு என்று சின்னத்தாய் விரலால் தள்ளிக்கொண்டே போனார். பதினெட்டில் நிறுத்தினார். சில இன்னும் நெளிந்தன.

"புழு மீனத் திங்கலீங்க. மீன்தான் புழுவத் திங்குது. குஞ்சு பெருசானா அதுக்கும் இதுதானுங்க சோறு. சேத்துல காத்து கம்மி. அதத் தாங்கறதுக்குத்தான் அதுக்கு ஒடம்புல செவப்பு. யாரு ரத்தத்தையும் குடிக்கல. நீங்க மருந்து ஊத்தியிருந்தா தட்டான் குஞ்சு செத்திருக்கும், உண்மை. கூடவே புழு, கூனி, மீனு எல்லாஞ் செத்து, வெள்ளிக்கிழமை வர்ற குஞ்சு பட்டினில விழுந்திருக்கும்."

பாண்டி தட்டையே பார்த்தார். "செவப்புப் புழு கெடந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு கடைக்காரரு சொன்னாரே?"

"அது மட்டும் இருந்தாக் கெட்ட தண்ணிங்க. கூட இத்தன பேரு இருந்தா நல்ல தண்ணி."

அவர் டப்பாவின் மூடியை எடுத்துத் திருகினார். ஆறு டப்பாவையும் கோணிப்பையில் போட்டு, வண்டியில் கட்டினார். "தக்காளிக்காவது ஆகும்" என்றார். தக்காளியைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருந்தது. ஒரே நாளில் ஒரு மனிதனோடு எவ்வளவுதான் சண்டை போடுவது.

மதியம் 1.30. சோறு, அந்த ஜிலேபிக் குழம்பு, வெஞ்சனத்துக்குப் பீர்க்கங்காய். சாப்பிட்டுக்கொண்டே வழி பேசினோம். ஓரத்துக் கோரையையும் பாசியையும் அரித்து எடுத்தால் தட்டான் குஞ்சுக்குப் பதுங்க இடம் குறையும். வெள்ளிக்கிழமை வருவதைக் குளத்தில் விடாமல் சிமெண்ட் தொட்டியில் வலை மூடி வளர்த்து, விரல் நீளம் ஆனதும் விட்டால் தட்டான் குஞ்சால் பிடிக்க முடியாது. விரால் பிடிக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

"தொட்டியில தட்டான் முட்ட போடாதா?" என்று கேட்டார் சின்னத்தாய்.

"அதுக்குத்தானுங்க வலை."

"அப்பக் காவலுக்கு நான் இருக்கேன். இவரு இருந்தா தொட்டிக்கும் மருந்து வாங்கியாந்துருவாரு."

"ஏ சின்னத்தாயி, விருந்தாளி முன்னாடியா?" என்றார் பாண்டி. ஆனால் என் இலையில் நடுத்துண்டை வைத்தது அவர்தான்.

மாலை 3.40. ஷேர் ஆட்டோ. பாண்டி பிளாஸ்டிக் பையில் தக்காளி கொடுத்தார். நன்றாகக் கழுவித் தின்னச் சொன்னார், சிரிக்காமல். அரக்குச் சிவப்பு ஈ ஒன்றைச் சின்னத்தாய் கேட்டு வாங்கிக்கொண்டார். மீன் பிடிக்கவா என்றேன். இல்லை, இவர் அடுத்த தடவை டப்பாவோடு வந்தால் முன்னால் தொங்கவிட என்றார். ஆத்தூரில் டவுன் பஸ், திண்டுக்கல்லில் 5.15 மணி கரூர் வண்டி. பழனி போகிறவர்கள் எதிர்த்திசையில் சாரை சாரையாக நடந்தார்கள். தாடிக்கொம்பு தாண்டும்போது வெளிச்சம் இருந்தது.

மறுநாள் காலை 7.30. கடை திறப்பதற்கு முன் எனாமல் தட்டையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குப் பின்னால் போகும் வாய்க்காலுக்குப் போனேன். சாக்கடையும் சாயத் தண்ணீரும் சேர்ந்து போகும் வாய்க்கால். நான் கல்யாணமாகி வந்தபோது அதில் துணி துவைத்திருக்கிறேன். ஏழு குளங்களில் சல்லடை போட்டவள் இதில் ஒருநாளும் போட்டதில்லை. என்ன வரும் என்று தெரியும், அதனால்தான்.

தட்டில் சிவப்பு நெளிந்தது. கொத்துக் கொத்தாக, பாண்டியின் குளத்தில் இருந்ததைவிட நாலு மடங்கு. இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் நகரவில்லை. கூனி இல்லை, மயிர் வால் இல்லை, இலை வால் இல்லை. மீன்குஞ்சைத் தின்னும் அந்த அழுக்குப் பச்சைத் தவளைக் கண்ணன் ஒன்றே ஒன்று வந்தால் போதும் என்று பதினோரு முறை சல்லடை போட்டேன். பிறகு கடை திறக்க நேரமாகிவிட்டது.